கடல் சாமியின் கணக்கு வழக்கு

கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் வழக்கமாகக் கோயில் வாசலிலோ டீக்கடை பெஞ்சிலோ நடக்கும். 1903ஆம் வருடம் அது லண்டனில் ஒரு நீதிமன்றத்தில் நடந்தது. வக்கீல்கள், சாட்சிகள், நிபுணர்கள் எல்லாம் உண்டு. "பழங்கால அயர்லாந்துக்காரர்களுக்கு ஒரு கடல் கடவுள் இருந்தார், அவருக்குத் தங்கத்தைக் காணிக்கையாகக் கடலில் போட்டார்கள்" என்று வாதாடியது பிரிட்டிஷ் மியூசியம். "அதெல்லாம் இல்லை" என்று எதிர்த்து நின்றது பிரிட்டிஷ் அரசே! மியூசியத்துக்குத் திடீரென்று பக்தி வந்துவிடவில்லை. அந்தக் கடவுள் இருந்தால்தான் தங்கம் அவர்கள் கையில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

தங்கம் கிடைத்த கதை 1896இல் தொடங்குகிறது. அயர்லாந்தின் வடக்குக் கரையில் லஃப் ஃபாயில் என்று ஒரு பெரிய கடற்கழி. அதன் ஓரத்தில், லிமவாடி என்ற ஊருக்குப் பக்கத்தில் ப்ராய்ட்டர் என்ற சிற்றூர். ஜோசப் கிப்சன் என்ற விவசாயியின் வயலை அன்றைக்கு ஆழ உழுதார்கள். ஜேம்ஸ் மாரோ என்பவர் முன்னால் ஒரு ஏர் ஓட்ட, அதே சாலில் தாமஸ் நிக்கல் என்பவர் பின்னால் இன்னொரு ஏரை இன்னும் ஆழமாக ஓட்டிக்கொண்டு வந்தார். பதினான்கு அங்குல ஆழத்தில் ஏதோ தட்டுப்பட்டது. சேறு அப்பிய உலோகம். கழுவிப் பார்த்தால் தங்கம்.

மொத்தம் ஏழு உருப்படி. முறுக்கிய கழுத்துக் காறைகள் இரண்டு (ஒன்று உடைந்த துண்டு), சங்கிலிகள் இரண்டு, ஒரு சின்னக் கிண்ணம், நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட குழல் போன்ற பெரிய கழுத்து வளையம் ஒன்று, பிறகு ஒரு படகு. அந்தப் படகுதான் இதில் உயிர். நீளம் பதினெட்டு சென்டிமீட்டர் சொச்சம், எடை மூன்று அவுன்ஸ். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உட்காரும் பலகைகள், துடுப்புகள், திசை திருப்பும் துடுப்பு, பாய்மரம் என்று ஒன்று விடாமல் தங்கத் தகட்டிலும் கம்பியிலும் செய்து வைத்திருக்கிறார்கள். கலப்பை ஏறி நசுங்கிப் போயிருந்ததை அப்புறம்தான் பொற்கொல்லர்கள் நிமிர்த்தி, படகாக்கினார்கள். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய வேலை என்று இன்றைக்குக் கணிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அயர்லாந்துக் கடலில் பாய்மரக் கப்பல் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தங்கம் கிப்சனிடமிருந்து டெர்ரி நகரத்து நகைக்கடைக்குப் போனது. அங்கிருந்து கார்க் நகரத்தில் இருந்த ராபர்ட் டே என்ற பழம்பொருள் சேகரிப்பாளரிடம் போனது. அவர் 600 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்திடம் விற்றார். (கை மாற மாற விலை ஏறும். ஏர் பிடித்தவருக்கு மட்டும் ஏறாது. எல்லா ஊரிலும் இதே சந்தைதான்.)

டப்ளினில் இருந்த ராயல் ஐரிஷ் அகாடமிக்கு இது பிடிக்கவில்லை. அயர்லாந்து மண்ணில் கிடைத்த புதையல் அயர்லாந்துக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். இங்கேதான் சட்டம் உள்ளே நுழைகிறது, கூடவே சாமியும்.

அன்றைய சட்டம் இதுதான். ஒருவர் தங்கத்தையோ வெள்ளியையோ பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு ஒளித்து வைத்து, வராமலே போய்விட்டால் அது புதையல். சொந்தக்காரர் யாரென்று தெரியாத புதையல் அரசருக்குச் சேரும். ஆனால் "இனி எனக்கு வேண்டாம்" என்று கைவிட்ட பொருள் புதையல் ஆகாது. அரசர் அதில் கை வைக்க முடியாது. கடவுளுக்குக் கொடுத்த காணிக்கையைத் திரும்பக் கேட்க யாரும் வருவதில்லை அல்லவா? ஆக, இந்தத் தங்கம் காணிக்கை என்று நிரூபித்துவிட்டால் நிலத்துக்காரர் விற்றது செல்லும், மியூசியம் வாங்கியதும் செல்லும்.

மியூசியத்துக்குக் கைகொடுக்க ஒரு பெரிய மனிதரின் எழுத்து தயாராக இருந்தது. ஆர்தர் எவன்ஸ், பிற்பாடு கிரீட் தீவில் கினோசஸ் அரண்மனையைத் தோண்டிப் புகழ் பெற்றவர், 1897லேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இந்த வயல் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது, யாரோ ஒரு தலைவன் கடல் தெய்வத்துக்குப் போட்ட காணிக்கை இது என்பது அவர் கட்சி. தங்கப் படகு வேறு சேர்ந்திருக்கிறது. கடல் சாமிக்கு இல்லாமல் வேறு யாருக்குப் படகு போடுவார்கள்?

எதிர்த்தரப்பில் அரசுக்காக வாதாடியவர்களில் ஒருவர் எட்வர்ட் கார்சன். எட்டு வருடம் முன்பு ஆஸ்கார் வைல்டைக் குறுக்கு விசாரணையில் கிழித்துத் தொங்கவிட்ட அதே கார்சன்தான். இப்போது சொலிசிட்டர் ஜெனரல்.

தீர்ப்புக்குப் போவதற்கு முன் இந்தச் சாமி யார் என்று பார்த்துவிடுவது நல்லது. நீதிமன்றத்தில் அவரை யாரும் சரியாக அறிமுகம் செய்யவில்லை.

பெயர் மனனான் மக் லிர். பழைய ஐரிஷ் மொழியில் 'லெர்' என்றால் கடல். 'மக்' என்றால் மகன். கடலின் மகன். (மக், மகன் ஒற்றுமை தற்செயல்தான். யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம்!) அன்னப்பறவைகளாக மாறி 900 வருடம் தவித்த குழந்தைகளின் அப்பா லிர் ஐரிஷ் கதைகளில் பிரபலம். அந்த லிர் வேறு ஆள். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

மற்ற நாட்டுக் கடல் கடவுள்களைப் போல இவர் சூலத்தைத் தூக்கிக்கொண்டு கோபப்பட்டுக் கொண்டே இருப்பவர் அல்ல. 'ப்ரானின் பயணம்' என்று ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பழைய கதை ஒன்று உண்டு. ப்ரான் என்பவன் மூன்று ஒன்பது, அதாவது இருபத்தேழு பேரோடு மேற்கே கடலில் கிளம்புகிறான். இரண்டு பகல் இரண்டு இரவு போன பிறகு எதிரே ஒருவர் வருகிறார். படகில் இல்லை, தேரில்! குதிரை பூட்டிய தேர் அலை மேல் ஓடி வருகிறது. அதுதான் மனனான். அவர் ப்ரானிடம் சொல்வது வேடிக்கையான விஷயம். நீ கடல் என்று நினைக்கிறாயே, எனக்கு இது பூத்துக் கிடக்கும் சமவெளி. நீ மீன் என்று பார்ப்பது எனக்குக் கன்றுக்குட்டியும் ஆட்டுக்குட்டியும். உன் படகு இப்போது ஒரு காட்டின் உச்சி மேல் போய்க்கொண்டிருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை என்கிறார். ஒரே இடம், இரண்டு பேருக்கு இரண்டு உலகம். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் பழைய கதையில் இப்படி ஒரு யோசனை! இதைப் படித்த பிறகு ப்ராய்ட்டர் வயலைப் பற்றி யோசித்தால் சிரிப்பு வரும். அந்த வயல் அப்போது கடலா, நிலமா என்றுதானே நீதிமன்றத்திலும் சண்டை?

இன்னொரு கதையில் அவர் மனைவி ஃபாண்ட், கூகுலின் என்ற மாவீரனைக் காதலித்துவிடுகிறாள். கூகுலினின் மனைவி ஏமர் கத்தியோடு வந்து நிற்கிறாள். பெரிய கலவரம் வர வேண்டிய இடம். மனனான் வருகிறார், சண்டை போடவில்லை. யாரோடு போகிறாய் என்று மனைவியையே கேட்கிறார். கூகுலினுக்கு ஏமர் இருக்கிறாள், உங்களுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று அவள் இவரோடு கிளம்புகிறாள். போகும்போது மனனான் தன் போர்வையை அவளுக்கும் கூகுலினுக்கும் நடுவே ஒரு உதறு உதறுகிறார். இனி ஒருவரை ஒருவர் எந்தக் காலத்திலும் சந்திக்க மாட்டார்கள். கணக்கு முடிந்தது.

அவருடைய சொத்துப் பட்டியலும் சுவாரஸ்யம். இன்று அறுத்துத் தின்றால் நாளை உயிரோடு நிற்கும் பன்றிகள் வைத்திருந்தார். (கையிருப்பு குறையவே குறையாத சரக்கு. எந்தக் கணக்குப் புத்தகத்தில் இதை எழுதுவது?) நாரையாக மாற்றப்பட்ட ஒரு பெண்ணின் தோலில் தைத்த பை ஒன்றும் வைத்திருந்தார். விலைமதிப்பில்லாத பொருட்கள் எல்லாம் அதில்தான். கடல் ஏறும்போது திறந்தால் எல்லாம் உள்ளே இருக்கும். கடல் வற்றும்போது திறந்தால் பை காலி.

இந்தக் கதைகளை எல்லாம் எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள் என்பதை மறக்கக் கூடாது. பழைய சாமியை அப்படியே சாமி என்று எழுத அவர்களுக்கு மனம் வராது. அழகான கதையை விடவும் மனம் வராது. 908இல் போரில் இறந்த கார்மக் என்ற கேஷல் நாட்டு மன்னர் பிஷப்பாகவும் இருந்தவர். அவர் பெயரில் ஒரு பழைய அகராதி வழங்குகிறது. அதில் மனனான் மக் லிர் என்ற பதிவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கடவுள் என்று இல்லை, ஐல் ஆஃப் மான் தீவில் வாழ்ந்த பேர்போன ஒரு வியாபாரி என்று இருக்கிறது! மேற்குக் கடலிலேயே அவரைப் போலக் கப்பல் ஓட்டத் தெரிந்தவர் கிடையாதாம். வானத்தைப் பார்த்தே எத்தனை நாள் நல்ல பருவம், எப்போது மாறும் என்று சொல்லிவிடுவாராம். அதனால்தான் அயர்லாந்துக்காரர்களும் பிரிட்டன்காரர்களும் அவரைக் கடல் கடவுள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று அந்த அகராதி விளக்கம் சொல்கிறது.

இது சாமியைக் குறைத்துக் காட்டச் செய்த வேலைதான், சந்தேகமில்லை. ஆனாலும் குறைக்க நினைத்து வேறொரு உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. சரக்கு ஏற்றிய படகு புறப்படலாமா, வேண்டாமா என்பதுதான் அந்தக் கடலோர வாழ்க்கையில் பெரிய கேள்வி. தப்பாகக் கணித்தால் சரக்கும் போகும், ஆளும் போவார். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனை ஊர் கும்பிட்டிருந்தால் அதில் என்ன தப்பு? தங்கத்தில் படகு செய்து தூக்கிப் போடும் அளவுக்கு பயம் இருந்திருக்கிறது.

கடலைத் தாண்டி வேல்ஸ் நாட்டுக்குப் போனால் இதே பெயர் மனவிதன் என்று ஆகிறது. பெயரைத் தவிரக் கடல் வாசனையே அவரிடம் கிடையாது. 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளில் உள்ள மபினோகி கதைகளில் மூன்றாவது அவருடையது. மந்திரத்தால் நாடு முழுக்க வெறிச்சோடிப் போக, பிழைப்புக்காக இங்கிலாந்து போகிறார். ஒரு ஊரில் குதிரைச் சேணம் தைக்கிறார். அவர் சேணம் வந்த பிறகு வேறு யாரிடமும் யாரும் வாங்குவதில்லை. உள்ளூர் சேணக்காரர்கள் கூட்டம் போட்டு இவரைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்கிறார்கள். கூட இருந்த இளைஞன் ப்ரிடெரி சண்டைக்குத் துள்ள, இவர் வேண்டாம் என்று ஊரை மாற்றுகிறார். அடுத்த ஊரில் கேடயம், அங்கேயும் அதே கதை. அடுத்த ஊரில் செருப்பு. அங்கேயும் அதேதான். தரம் அதிகமாக இருப்பதே குற்றம் என்று ஒரு சந்தை முடிவு செய்வதை இவ்வளவு பழைய கதையில் பார்ப்பது அபூர்வம்.

ஊர் திரும்பிக் கோதுமை விதைக்கிறார். எலிகள் கூட்டமாக வந்து கதிரைத் தின்றுவிட்டுப் போகின்றன. ஒரே ஒரு எலி ஓட முடியாமல் மாட்டிக்கொள்கிறது. திருடனுக்குத் தூக்கு என்று குச்சியை நட்டு எலிக்குத் தூக்குமேடை கட்டுகிறார் மனிதர்! அந்த வழியாக ஒரு படிப்பாளி வந்து, ஒரு பவுண்ட் தருகிறேன் விட்டுவிடு என்கிறான். பாதிரியார் வந்து மூன்று பவுண்ட் என்கிறார். பிஷப் வந்து ஏழு, அப்புறம் இருபத்து நான்கு, அப்புறம் குதிரைகள் என்று ஏற்றிக்கொண்டே போகிறார். ஒரு எலிக்கு ஏன் இவ்வளவு? பிஷப் வேஷத்தில் வந்தவன்தான் நாட்டுக்கு மந்திரம் வைத்தவன். எலியாக மாட்டியிருப்பது கர்ப்பிணியான அவன் மனைவி. விஷயம் புரிந்ததும் மனவிதன் பணத்தைத் தொடவில்லை. பிடித்து வைத்த ப்ரிடெரியையும் அவன் தாயையும் விடு, மந்திரத்தை எடு, இனிமேல் வைக்காதே என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குவது போல வாங்குகிறார். கடைசியில், இதற்காக என்னையோ அவர்களையோ பழிவாங்கக் கூடாது என்றும் சேர்க்கிறார். நல்ல வேளை அதைக் கேட்டாய், இல்லாவிட்டால் எல்லாம் உன் தலையில் விடிந்திருக்கும் என்று மந்திரவாதியே ஒப்புக்கொள்கிறான். ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் இந்தக் கதையை ஒரு தடவை படித்து வைக்கலாம்.

இந்த இரண்டு நாட்டுக்கும் நடுக்கடலில்தான் ஐல் ஆஃப் மான் இருக்கிறது, அந்த வியாபாரி வாழ்ந்ததாகச் சொன்ன தீவு. தீவின் பெயர்தான் சாமிக்கு வந்தது என்பது பல அறிஞர்கள் கருத்து. தீவுக்காரர்களைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்களுக்கு மனனான்தான் முதல் ராஜா. எதிரிக் கப்பல் வந்தால் தீவின் மேல் பனிமூட்டத்தைப் போர்த்தி மறைத்துவிடுவார். மலை மேல் ஒரே ஒரு ஆளை நிறுத்தி நூறு பேராகக் காட்டுவார். ராணுவச் செலவு மிச்சம்!

அவருக்கு மக்கள் கட்டிய குத்தகை என்ன தெரியுமா? 16ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் தீவின் பழைய பாட்டு ஒன்று சொல்கிறது. வருடத்துக்கு ஒரு கட்டுப் பச்சைக் கோரைப்புல். நடுக்கோடை நாளுக்கு முந்தைய மாலையில் பாரூல் மலைக்குக் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். வேறு வரி கிடையாது. அந்தப் பாட்டிலேயே புனித பேட்ரிக் வந்து மனனானைத் துரத்திவிடுகிறார். ஆனால் கோரைப்புல் போகவில்லை. தீவின் பாராளுமன்றமான டின்வால்ட் வருடத்துக்கு ஒருமுறை ஜூலை 5 வாக்கில் திறந்த வெளியில் கூடும்போது, ஊர்வலம் வரும் பாதை முழுக்க இன்றைக்கும் கோரைப்புல் பரப்புகிறார்கள். ஜூன் 24 நடுக்கோடை நாள். பழைய காலண்டரிலிருந்து புதியதற்கு மாறியபோது ஏற்பட்ட 11 நாள் வித்தியாசத்தைக் கூட்டினால் சரியாக ஜூலை 5. ராஜா போன பிறகும் குத்தகை மட்டும் பாக்கி இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, லண்டன் வழக்கு. நீதிபதி ஃபார்வெல் மியூசியத்தின் வாதத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். நான்கு விஷயத்தை நீதிமன்றம் யூகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கடல் இருந்தது, அயர்லாந்தில் ஒரு கடல் தெய்வம் இருந்தது, காணிக்கை போடும் வழக்கம் இருந்தது, அப்படிப் போடக்கூடிய ராஜாக்கள் இருந்தார்கள். எதற்கும் உருப்படியான சாட்சி இல்லை என்று தள்ளிவிட்டார். அரசுத் தரப்பு நிபுணர்கள் அந்த நிலம் அப்போது கரையாகவே இருந்தது என்று சாட்சி சொல்லியிருந்தார்கள். ஆக யாரோ பாதுகாப்புக்காகப் புதைத்தது, புதையல், அரசருக்குச் சொந்தம். அரசர் ஏழாம் எட்வர்ட் அதை ராயல் ஐரிஷ் அகாடமிக்குக் கொடுத்தார். இன்று டப்ளின் தேசிய மியூசியத்தில் இருக்கிறது. அயர்லாந்து இங்கிலாந்தோடுதான் இருக்க வேண்டும் என்று பின்னாளில் உயிரைக் கொடுத்துப் போராடிய கார்சன் வாதாடித்தான் தங்கம் டப்ளினுக்கு வந்தது என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

சாமி இல்லை என்று சொன்னதால் டப்ளினுக்கு வந்த தங்கத்தை, சாமிக்குப் போட்ட காணிக்கையாகவே இருக்கலாம் என்று இன்று தொல்லியல் அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். எந்தச் சாமி என்றால் மனனான் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்த வாதம் இப்போது வென்று யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. 2000ஆம் ஆண்டு அயர்லாந்து வெளியிட்ட ஒரு பவுண்ட் நாணயத்தில் அந்தப் படகைப் பொறித்தார்கள். வட அயர்லாந்துக்காக பிரிட்டன் 1996லும் 2001லும் வெளியிட்ட ஒரு பவுண்ட் நாணயத்தில் ப்ராய்ட்டர் கழுத்து வளையம். வழக்குப் போட்டுக்கொண்ட இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நகையைக் காசில் அடித்துக்கொண்டார்கள். ஐரிஷ் பவுண்ட் 2002இல் யூரோ வந்ததும் செல்லாமல் போனது, பிரிட்டனின் அந்த வட்ட பவுண்ட் 2017இல் செல்லாமல் போனது.

அதே லிமவாடி வட்டாரத்தில், லஃப் ஃபாயிலைப் பார்த்து நிற்கும் பினெவனா மலை மேல் மனனானுக்கு ஒரு சிலை வைத்தார்கள். படகின் முனையில் கை விரித்து நிற்கும் சிலை. செய்தவர் ஜான் சட்டன், கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் வேலை பார்த்த சிற்பி. 2015 ஜனவரியில் யாரோ அதைக் காலோடு அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு மரச் சிலுவை இருந்தது. என்னைத் தவிர வேறு தெய்வங்கள் உனக்கு இருக்கக் கூடாது என்ற பைபிள் கட்டளை அதில் எழுதப்பட்டிருந்தது.

1903இல் சாட்சி போதாது என்று ஒரு நீதிபதி தள்ளிய கடவுளை, நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்துப் போட்டிக்கு வருகிறார் என்று நினைக்க ஆள் இருந்திருக்கிறார்கள்! ஒரு மாதத்தில் சிலை அந்த மலைப் பகுதியிலேயே உடைந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் அதே இடத்தில் புதுச் சிலை வைத்தார்கள். லிவர்பூலிலிருந்து ஐல் ஆஃப் மான் போக 2009இல் விட்ட வேகக் கப்பலுக்கும் மனனான் என்றுதான் பெயர். கடல் மோசமாக இருந்தால் அதுவும் கிளம்பாது.